வைஃபை கன்ட்ரோலரும் பிக்சல் ஸ்ட்ரிப்பும்: ஹால் சீலிங் வேலையில் கண்டவை

கோவை, லைட்டிங் வேலை

பிஓபி (பிளாஸ்டர்) சீலிங்கின் ஓரப் பள்ளமான கோவுக்குள் பிக்சல் ஸ்ட்ரிப், அதாவது ஒவ்வொரு எல்ஈடியும் தனித்தனியாக நிறம் மாறும் பட்டை, போடச் சொல்லிக் கேட்பவர்கள் இப்போது நிறையப் பேர். புகார் வரும்போது "ஆப் சரியில்லை", "வைஃபை இழுக்கவில்லை" என்றுதான் ஆரம்பிக்கும். திறந்து பார்த்தால் கோளாறு அநேகமாகக் கரண்டில் இருக்கும், இல்லாவிட்டால் கிரவுண்டில், அதுவும் இல்லாவிட்டால் டேட்டா வோல்டேஜில், அதாவது கன்ட்ரோலரிலிருந்து ஸ்ட்ரிப்புக்கு நிறத்தைச் சொல்லும் சிக்னலின் வோல்டேஜில். சாஃப்ட்வேரைக் குறை சொல்லும் முன் மல்ட்டிமீட்டரை எடுங்கள்.

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 12க்கு 14 அடி ஹால் என்றால் சுற்றளவு 52 அடி, ஏறத்தாழ 16 மீட்டர். மீட்டருக்கு 60 எல்ஈடி ஸ்ட்ரிப் போட்டால் 960 பிக்சல். 5 வோல்ட் டபிள்யூஎஸ் 2812பி வகையில், முழு வெள்ளையில் ஒரு பிக்சலுக்கு 60 மில்லி ஆம்பியர் என்று வைத்துக் கணக்குப் போட வேண்டும். மொத்தம் 57.6 ஆம்பியர், 288 வாட். அவ்வளவு கரண்டை சீலிங்குக்குள் மெல்லிய வயரில் ஓட்டுவது ஆபத்து. அதே 960 பிக்சலை 12 வோல்ட் டபிள்யூஎஸ் 2815 வகையில் போட்டால் பிக்சலுக்குச் சுமார் 15 மில்லி ஆம்பியர், மொத்தம் 14.4 ஆம்பியர்தான். கோவுக்கு 12 வோல்ட்தான் என் தேர்வு. டிவிக்குப் பின்னால், ஷோகேஸ் தட்டில் என்று இரண்டு மூன்று மீட்டர் வேலைக்கு 5 வோல்ட் தாராளமாகப் போதும்.

5 வோல்ட் ஸ்ட்ரிப்பை ஒரு முனையில் மட்டும் இணைத்து ஐந்து மீட்டர் ஓட்டிப் பாருங்கள். வெள்ளை போடுங்கள். ஆரம்பத்தில் வெள்ளை, நடுவில் மஞ்சள், கடைசியில் சிவப்பு. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத கதைதான். நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வோல்ட் அளவு வேண்டும், சிவப்புக்கு 2 வோல்ட் போதும். வோல்டேஜ் இறங்கும்போது நீலம் முதலில் சாகும், சிவப்பு கடைசிவரை நிற்கும். ஸ்ட்ரிப் போலி என்று கடைக்குத் திருப்பிக் கொடுக்கிறவர்களும் உண்டு. தேவை இல்லை, அடுத்த முனையிலும் பவர் கொடுத்தால் நிறம் திரும்பிவிடும்.

ரோலின் இரு முனையிலும் மூன்று வயர் கனெக்டரோடு, தனியாக ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை அல்லது கறுப்பு வயர் தொங்குமே, அது இதற்காகத்தான். அதை வெட்டி எறியாதீர்கள். மூன்று வயர் கனெக்டர் 3 ஆம்பியர் அளவுக்குத்தான் தாங்கும். அதன் வழியாக மொத்தக் கரண்டும் போனால் பிளாஸ்டிக் இளகும். மெயின் பவருக்கு 1.5 சதுர மி.மீ. வயர், பவர் கொடுக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் தனி ஃபியூஸ்.

எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளைப் பெட்டியில்) உள்ள சின்ன ஸ்க்ரூவைத் திருகி வோல்டேஜை ஏற்றிக் கடைசி முனையைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள் சிலர். 2812பிக்கு 5.3 வோல்ட்தான் உச்சம். முதல் பிக்சல்களைக் கொன்று கடைசிப் பிக்சல்களை வாழவைப்பதில் என்ன லாபம்?

சென்னை, எம்பெடட் வேலை

அண்ணன் சொன்ன மூன்றாவது விஷயத்தை, டேட்டா வோல்டேஜை, நான் விரிக்கிறேன். முதல் பிக்சலில் மட்டும் மினுக்கல், கண்ட நிறம், அவ்வப்போது மொத்த ஸ்ட்ரிப்பும் துடிப்பது, இதெல்லாம் பெரும்பாலும் இங்கே இருந்து வருவதுதான்.

2812பி சிப், டேட்டா வோல்டேஜ் தனக்கு வரும் சப்ளையில் 0.7 மடங்குக்கு மேல் இருந்தால்தான் அதை ஒன்று என்று படிக்கும். 5 வோல்ட் சப்ளை என்றால் 3.5 வோல்ட் வேண்டும். வைஃபை கன்ட்ரோலரான இஎஸ்பி 32 போர்டின் பின் (கால்) கொடுப்பது 3.3. மேஜையில் வைத்து அரையடி வயரில் சோதிக்கும்போது பெரும்பாலும் வேலை செய்துவிடும், அதுதான் ஏமாற்றும். சீலிங்கில் ஏற்றி மூன்று மீட்டர் வயர் போட்டதும் தடுமாறும்.

சரியான மருந்து 74 ஏஹெச்சிடி 125 ஐசி, 3.3 வோல்ட் டேட்டாவை 5 வோல்ட்டுக்கு ஏற்றும் சிப். 14வது காலுக்கு 5 வோல்ட், 7வது காலுக்கு கிரவுண்ட், 1வது காலையும் கிரவுண்டில் கட்டுங்கள். போர்டிலிருந்து வரும் டேட்டா 2வது காலில், ஸ்ட்ரிப்புக்குப் போவது 3வது காலில். உபயோகிக்காத உள்ளீட்டுக் கால்களை மிதக்க விடாமல் கிரவுண்டில் சேருங்கள். கடையில் "125 ஐசி" என்று மட்டும் கேட்டால் ஹெச்சி வகையைக் கொடுத்துவிடுவார்கள். அதற்கும் 3.5 வோல்ட்தான் வேண்டும், பயனில்லை. டி என்ற எழுத்து இருக்கிறதா என்று சிப்பின் மேலே பார்த்து வாங்குங்கள். சிவப்பு அல்லது நீல நிறத்தில் வரும் இருவழி லெவல் ஷிஃப்டர் மாட்யூலும் வேண்டாம். சென்சாருக்கு அது சரி. இந்த டேட்டா ஓடுவது 800 கிலோஹெர்ட்ஸில், அதில் அலை மழுங்கிவிடும்.

ஐசி கிடைக்காத ஊரில் ஒரு வழி உண்டு. ஸ்ட்ரிப்பிலிருந்து ஒரே ஒரு பிக்சலை வெட்டி, கன்ட்ரோலருக்குப் பக்கத்தில் வைத்து, அதன் சப்ளையில் ஒரு 1என்4001 டயோடு போடுங்கள். அதற்கு 4.3 வோல்ட்தான் கிடைக்கும், ஆகவே 3 வோல்ட் டேட்டாவையே அது படித்துவிடும். அது வெளியே அனுப்பும் டேட்டா 4.3 வோல்ட், அடுத்த பிக்சலுக்கு அது போதும். டயோடு அந்த ஒரு பிக்சலுக்கு மட்டும்தான், முழு ஸ்ட்ரிப்பின் கரண்டும் அதன் வழியே போகக் கூடாது. போர்டில் ஏற்றும் சாஃப்ட்வேரான டபிள்யூஎல்ஈடி ஃபார்ம்வேரில் முதல் பிக்சலைத் தாண்டிப் போகும் அமைப்பு இருக்கிறது, 1 என்று கொடுத்தால் அது இருளாகவே இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கிரவுண்ட். ஸ்ட்ரிப்புக்கு ஒரு சப்ளை, போர்டுக்கு மொபைல் சார்ஜர் என்று தனித்தனியாக வைத்தால், இரண்டின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும். சேராவிட்டால் ஸ்ட்ரிப் தீபாவளி கொண்டாடும். ஆனால் இரண்டு எஸ்எம்பிஎஸ்ஸின் பாசிட்டிவ்களை ஒன்றாகக் கட்டாதீர்கள். ஸ்ட்ரிப்பின் நடுவில் பாசிட்டிவ் தடத்தை மட்டும் வெட்டி ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துவிடுங்கள்.

திருச்சி

ஃபார்ம்வேர் ஏற்றுகிற இடத்திலேயே நின்றுவிடுகிறவர்களுக்காக இது. குரோம் அல்லது எட்ஜ் பிரவுசரில் டபிள்யூஎல்ஈடியின் இன்ஸ்டால் பக்கத்தைத் திறந்து, போர்டை யூஎஸ்பியில் சொருகி, போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். போர்ட்டே தெரியவில்லையா? முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜுக்கு மட்டும் உள்ள கேபிளில் டேட்டா வயர் இருக்காது. பிறகுதான் போர்டின் யூஎஸ்பி சிப்புக்கான சிஹெச் 340 அல்லது சிபி 2102 டிரைவர்.

ஏறியதும் போர்டு தானே ஒரு வைஃபையைக் கிளப்பும். பெயர் டபிள்யூஎல்ஈடி-ஏபி. பாஸ்வேர்ட் சிறிய ஆங்கில எழுத்தில் டபிள்யூ, எல், ஈ, டி, அதை ஒட்டி 1234. பிரவுசரில் 4.3.2.1 அடித்தால் அமைப்புப் பக்கம். இங்கே போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று போன் தானாகக் கழன்றுகொள்ளும், பக்கம் திறக்கவில்லை என்று நாம் குழம்புவோம்.

இந்த போர்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தாலும் பரவாயில்லை, இரண்டும் ஒரே ரவுட்டரில் இருந்தால் போதும். கெஸ்ட் நெட்வொர்க்கில் சேர்த்துவிட்டால்தான் ஒன்றையொன்று பார்க்காது. ரவுட்டரில் போர்டுக்கு நிலையான ஐபி ஒதுக்குங்கள். போர்டை எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்து இரும்புப் பெட்டியில் பூட்டாதீர்கள். அலுமினிய சேனலுக்குள்ளும் வேண்டாம். ஆன்டெனா பக்கம் திறந்த வெளியாக இருக்கட்டும்.

பிறகு எல்ஈடி அமைப்பு. பிக்சல் எண்ணிக்கை, பின் எண், நிற வரிசை மூன்றும் முக்கியம். சிவப்பு போட்டால் பச்சை வருகிறதென்றால், வரிசை ஜிஆர்பி (பச்சை, சிவப்பு, நீலம்) என்றிருந்தால் ஆர்ஜிபிக்கும், ஆர்ஜிபி என்றிருந்தால் ஜிஆர்பிக்கும் மாற்றுங்கள். இஎஸ்பி 32ல் 6 முதல் 11 வரை பின்களைத் தொடாதீர்கள், அவை ஃப்ளாஷுக்கு. 34 முதல் 39 வரை உள்ளீட்டுக்கு மட்டும், அவற்றிலிருந்து டேட்டா வெளியே வராது.

மதுரை

ஸ்ட்ரிப் மங்கலாக எரிகிறது, பிரைட்னெஸ் முழுக்க ஏற்றியும் ஏறவில்லை என்றால் என்ன பார்க்கலாம் சார்? எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் 10 ஆம்பியர், 150 பிக்சல்.

திருச்சி

அது கோளாறே இல்லை. டபிள்யூஎல்ஈடியில் கரண்ட் வரம்பு 850 மில்லி ஆம்பியர் என்றுதான் ஆரம்பத்தில் இருக்கும், யூஎஸ்பியில் ஓட்டுகிறவர்களின் பாதுகாப்புக்காக. எல்ஈடி அமைப்பில் அதை 8000 ஆக்குங்கள். சப்ளையின் உச்சத்தில் 80 சதவீதம் வைப்பது நல்ல பழக்கம். வரம்பை முழுக்க எடுத்துவிட வேண்டாம். உங்கள் 150 பிக்சலும் முழு வெள்ளையில் 9 ஆம்பியர் கேட்கும், மலிவான 10 ஆம்பியர் சப்ளை அதை மணிக்கணக்கில் தாங்காது. 2815 ஸ்ட்ரிப்புக்கு அந்த இடத்தில் தனித் தேர்வு இருக்கிறது, அதைப் போடாவிட்டால் கணக்குத் தப்பும்.

சென்னை, எம்பெடட் வேலை

கோவை சொன்ன ஹாலுக்கு வேகக் கணக்கு ஒன்று: டேட்டா போக ஒரு பிக்சலுக்கு 24 பிட், 30 மைக்ரோ விநாடி. 960 பிக்சலை ஒரே பின்னில் ஓட்டினால் ஒரு சுற்றுக்கு 28.8 மில்லி விநாடி, விநாடிக்கு 34 படத்துக்கு மேல் போகாது. இஎஸ்பி 32ல் இரண்டு பின்னாகப் பிரித்து, ஹாலின் ஒரு மூலையிலிருந்து இரு பக்கமும் 480 பிக்சலாக ஓட்டுங்கள். வேகம் இரட்டிப்பாகும், டேட்டா வயரும் குறையும். ஒரு பக்கம் திசை எதிராக ஓடும், அந்தப் பகுதிக்கு மட்டும் அமைப்பில் தலைகீழ் என்று டிக் செய்தால் சரி.

கோவை, லைட்டிங் வேலை

நம் ஊருக்கே உரிய ஒன்று: கரண்ட் போய் வருவது. நள்ளிரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் ஹால் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் எரியும். அது இதன் ஆரம்ப அமைப்பு. எல்ஈடி அமைப்பில் "பவர் வந்ததும் எரியட்டும்" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். மாலையில் தானாக எரிய வேண்டுமென்றால் நேர அமைப்பில் இந்திய நேரத்தையும் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் கொடுத்து, சூரியன் மறைவுக்கு ஒரு ப்ரிசெட் (சேமித்து வைத்த லைட் அமைப்பு) ஒதுக்குங்கள். நேரம் இன்டர்நெட்டிலிருந்துதான் வருகிறது, நெட் இல்லாமல் போர்டு ரீஸ்டார்ட் ஆனால் அன்றைக்கு அது எரியாது. ஆகவே ரவுட்டர் இன்வெர்ட்டரில் இருக்கட்டும்.

இன்னொன்று. ஆப்பில் அணைத்தாலும் ஒவ்வொரு 2812பி சிப்பும் ஏறக்குறைய 1 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டே இருக்கும். 300 பிக்சலுக்கு 0.3 ஆம்பியர், இரவும் பகலும். டபிள்யூஎல்ஈடியில் ரிலேவுக்கு ஒரு பின் ஒதுக்கலாம். அணைத்ததும் ஸ்ட்ரிப்பின் சப்ளையையே அது துண்டிக்கும். பெரிய கோவுக்கு அதைக் கட்டாயமாக வைக்கிறேன்.

மதுரை

நடுவில் ஒரு இடத்திலிருந்து அதற்கப்புறம் எல்லாம் இருட்டு என்றால் முழு ரோலையும் மாற்ற வேண்டியதில்லை. எரிகிற கடைசிப் பிக்சல், எரியாத முதல் பிக்சல், இந்த இரண்டில் ஒன்றுதான் குற்றவாளி. ஸ்ட்ரிப்பை லேசாக வளைத்துப் பாருங்கள், உயிர் வந்தால் அது சால்டர் விரிசல். வராவிட்டால் இரண்டையும் செம்புத் தடத்தின் நடுவில் வெட்டி, அதே வகை ஸ்ட்ரிப்பிலிருந்து இரண்டு பிக்சலை அம்புக்குறி திசை பார்த்துச் சால்டர் செய்யுங்கள். கிளிப் கனெக்டர் வேண்டாம். கடலோர ஊர்களில் சில மாதத்தில் பச்சை பூத்துவிடும். 2815 ஸ்ட்ரிப்பில் நான்காவது வயர் மாற்று டேட்டா. ஒரு பிக்சல் செத்தாலும் அடுத்தது அதிலிருந்து படித்துக்கொள்ளும், அடுத்தடுத்து இரண்டு செத்தால்தான் இருட்டு. ஆரம்ப முனையில் அந்த நான்காவது வயரை கிரவுண்டில் சேர்த்துவிடுங்கள்.