1/35 பான்சர் வீரர்: கறுப்புச் சீருடையில் ஹைலைட் போட்டால் சாம்பலாகிவிடுகிறது

தூரிகை_35:
ஜெர்மன் பான்சர் (டாங்கிப் படை) வீரர் ஃபிகர் (சிறு பொம்மை), 1/35 அளவு. கம்பளிக் கறுப்புச் சட்டை, கால்சட்டை, தோல் பூட்ஸ். அடியில் கறுப்பு ப்ரைமர் (அடிப்பூச்சு), மேலே வல்லெஹோ பெயிண்டில் கறுப்பு, எண் 70.950. ஹைலைட்டுக்கு (ஒளி படும் இடங்களை வெளிறக் காட்ட) அதோடு வெள்ளை கலந்து ஏற்றினால் மூன்றாவது அடுக்கிலேயே சாம்பல் சீருடை ஆகிவிடுகிறது, சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறல் வேறு. முன்னாடியே நிறுத்தினால் மடிப்பே தெரிவதில்லை. எதைக் கலக்கலாம்? பூட்ஸைத் துணியிலிருந்து எப்படிப் பிரித்துக் காட்டுவது?

ஈரத்தட்டு:
முதலில் வெள்ளையை விடுங்கள். கறுப்போடு அது சேர்ந்தால் நீலம் தட்டிய சாம்பல்தான் வரும். மூடும் தன்மையும் அதிகம் என்பதால் திட்டுத்திட்டாக நிற்கும். பதிலாக மனிதச் சரும நிறம் 70.955 எடுங்கள், மணல் நிறம் 70.819 ஆனாலும் சரி.

அடிப்படைக்கு 70.950 மூன்று சொட்டு, கறும்பழுப்பு 70.822 ஒரு சொட்டு. சுத்தக் கறுப்பை அடியிலேயே பூசிவிட்டால் நிழலுக்கு அதைவிட இருட்டாக எதுவும் மிஞ்சாது. அதை அக்குள், பெல்ட்டின் கீழ், மடிப்பின் ஆழம் இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைலைட்டுக்கு அந்தக் கலவை 5 சொட்டு, 70.955 ஒரு சொட்டு. ஒவ்வொரு படிக்கும் இன்னொரு சொட்டு; மூன்று படி தாராளம். பெயிண்ட் ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு பங்கு, தூரிகையைத் துணியில் ஒற்றிவிட்டுத்தான் ஃபிகரைத் தொட வேண்டும். முதல் படி மடிப்பின் மேற்பாதியில், இரண்டாவது அதிலும் பாதி இடத்தில், மூன்றாவது தோள், முழங்கை, முழங்கால் முனைகளில் மட்டும். உங்களுக்குச் சாம்பலாவது பெரும்பாலும் பரப்பால்தான். பத்தில் ஏழு பங்கு இருட்டாக இருக்கும்வரை கண் அதைக் கறுப்பாகவே எடுத்துக்கொள்ளும், முனைகள் எவ்வளவு வெளிறினாலும். மிஞ்சிப்போனால் 70.950 ஒரு பங்கு, தண்ணீர் எட்டுப் பங்கு கலந்து மேலே கிளேஸ் (அடிநிறம் தெரியும் நீர்த்த பூச்சு) ஓட்டுங்கள், காயவிட்டு இன்னொன்று.

அடுத்த ஃபிகருக்குச் சாம்பல் ப்ரைமர் போடுங்கள். கறுப்பு ப்ரைமர் மேல் மடிப்பைத் தேடியே கண் வலிக்கும்.

நிழல்_பக்கம்:
பூட்ஸ் விஷயம். துணி பழுப்புச் சாயலில் போனால் தோலை நீலச் சாயலில் கொண்டுபோங்கள்: 70.950 மூன்று, கரும்நீலம் 70.899 ஒன்று. கம்பளியில் ஒளி மங்கலாகப் பரவும். தோலில் சிறிய இடத்தில் பளிச்சென்று நிற்கும். அதனால் பூட்ஸில் இடைப்படிகள் வேண்டாம், இருட்டிலிருந்து நேராக வெளிர் நீலச்சாம்பலுக்குத் தாவிவிடுங்கள். கோடு மயிரிழை அளவுதான்: கணுக்கால் சுருக்கம், விரல் முனை, குதிகால் விளிம்பு.

காலர் ஓரத்து ரோஜா நிறக் கோட்டைக் கடைசியில் போட முயற்சி செய்யாதீர்கள். முதலிலேயே அகலமாகப் பூசிவிட்டு, இருபுறமும் கறுப்பால் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தால் கோடு தானே மெலியும். போரின் பிற்பகுதியில் தைத்த சட்டைகளில் காலரைச் சுற்றி அது பெரும்பாலும் இல்லை, காலரில் தைத்த சின்னப் பட்டையைச் சுற்றி மட்டும் இருக்கும். எந்த வருடத்து வீரர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தூரிகை_35:
நன்றி. மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்தால் எல்லாம் இன்னும் வெளிறுமா?

ஈரத்தட்டு:
வெளிறும். மேட் பரப்பு ஒளியைச் சிதறடிக்கும், கறுப்பில்தான் அது அதிகம் தெரியும். அதனால் இரண்டாவது படி முடிந்ததும் மேட் வார்னிஷ் 70.520 ஒரு மெல்லிய பூச்சு, காய்ந்ததும் பார்த்துவிட்டு மூன்றாவது படி. புட்டியை நன்றாகக் குலுக்குங்கள், அடியில் தங்கிய மேட் பொடி கலங்காவிட்டால் வெண்படலம் வரும். ஸ்ப்ரே என்றால் காற்றில் ஈரம் அதிகமான நாளில் அடிக்கவே வேண்டாம். படலம் வந்துவிட்டால் மேலே கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் ஒரு பூச்சு; பெரும்பாலும் தெளிந்துவிடும், பிறகு மேட்டை மெல்லிசாக அடிக்கலாம். பூட்ஸுக்கும் பெல்ட்டுக்கும் எல்லாம் முடிந்தபின் சாட்டின் (பாதிப் பளபளப்பு) வார்னிஷ் 70.522, தூரிகையால்.

கைபேசிப் படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். கேமரா கறுப்பைத் தானாகவே வெளிச்சமாக்கும். ஒரு கை நீளத்தில் பிடித்து, மேலிருந்து விழும் விளக்கொளியில் கண்ணால் பாருங்கள்.