வானத்தில் வெளிச்சம் கண்டு பாதுகாப்பு அமைச்சுக்கு எழுதியவர்கள் உண்டா?

ஈஸ்ட்ஹாம் வாசி:
2009 கோடைகாலம், ஒரு சனிக்கிழமை இரவு. வீட்டுப் பின்வளவில் நிற்கிறேன். செம்மஞ்சள் நிறத்தில் ஏழெட்டு வெளிச்சங்கள், துளிச் சத்தமில்லை, ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. அம்மா எட்டிப் பார்த்து "பரா லைற்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். போர்க்காலத்தில் ராணுவம் இரவு வானத்தில் விடும் பரசூட் வெளிச்சம், யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு விளங்கும்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த நாளே பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சுக்கு மின்னஞ்சல் போட்டேன். அப்போது இதற்கென்றே தனி மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் இருந்தன. சில வாரம் கழித்துப் பதில் வந்தது, மிக மரியாதையாக. சாராம்சம் இதுதான்: எதிரி விமானமோ அனுமதி இல்லாத விமானமோ நாட்டின் வான்பரப்புக்குள் நுழைந்ததா என்று மட்டும் பார்ப்போம், அப்படி இல்லையென்றால், நீங்கள் கண்டது என்ன என்று தேடுவது எங்கள் வேலை அல்ல. வேறு யாருக்கும் இப்படிக் கடிதம் வந்திருக்கிறதா?

பழைய காகிதம்:
அண்ணே, எல்லாருக்கும் அதே கடிதம்தான்! லண்டன் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் 2008 முதல் 2013 வரை அமைச்சுக்கு வந்த இந்தப் புகார்க் கோப்புகளைப் பகுதி பகுதியாக வெளியிட்டது. நான் படிக்க ஆரம்பித்து ராத்தூக்கம் போனதுதான் மிச்சம். பெயர், முகவரி எல்லாம் கறுப்பு மையால் அடித்திருக்கும். மீதியில் தேதி, நேரம், எவ்வளவு நேரம் தெரிந்தது, நிறம், சத்தம், எந்தத் திசை, வானிலை. வெறும் கண்ணால் பார்த்தீர்களா, பைனாகுலரிலா என்றுகூட ஒரு கேள்வி உண்டு. கேள்விகள் அத்தனை நுணுக்கம், பதில் மட்டும் அச்சடித்தது.

1952 ஜூலையில் பிரதமர் சர்ச்சிலே இந்தப் பறக்கும் தட்டு விவகாரம் என்னதான் என்று குறிப்பெழுதிக் கேட்டிருக்கிறார். அதற்கு முன்பே ஒரு குழு ஆராய்ந்து, பெரும்பாலும் கண்மயக்கம், தவறான அடையாளம், புரளி என்று முடித்திருந்தது. 1967 வரை இந்தக் கோப்புகளை ஐந்தாண்டு வைத்திருந்து அழித்துவிடுவார்களாம். வயிறு எரிகிறது.

உண்மையான ஆராய்ச்சி என்றால் 1997 முதல் 2000 வரை ரகசியமாக நடந்த 'கண்டைன்' திட்டத்தைச் சொல்லலாம். 400 பக்கத்துக்கு மேல். தகவல் அறியும் சட்டத்தில் கேட்டதால் 2006இல் வெளியே வந்தது. பல காட்சிகளுக்குக் காரணம் வளிமண்டலத்தில் உண்டாகும் பிளாஸ்மாவாக இருக்கலாம் என்றது. எனக்கு அது ஒரு புதிரை இன்னொரு புதிரால் மூடுவதாகத்தான் படுகிறது.

அச்சடித்த கடிதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ராணுவத்துக்கு ஒரே கேள்விதான்: ஆபத்தா, இல்லையா? நமக்குத்தான் 'அது என்ன' என்று தெரிய வேண்டும்.

ஹாரோ தம்பி:
அண்ணா, செம்மஞ்சள், சத்தமில்லை, சனிக்கிழமை இரவு என்றால் அது வானவிளக்கு. காகிதப் பைக்குள் மெழுகுத் தீ. அந்த நாட்களில் கல்யாணம், பிறந்தநாள் என்று எல்லாரும் விட்டார்கள், நாங்களும் விட்டிருக்கிறோம். 2008இல் அமைச்சுக்கு வந்த புகார்கள் 208, அடுத்த ஆண்டு 643. வானவிளக்கு மோகத்துக்கும் இதில் பெரிய பங்கு. 2009 டிசம்பர் 1 அன்று இந்தப் புகார்களைக் கவனித்த பிரிவையே மூடிவிட்டார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேலாக வந்த எந்தப் புகாரிலும் நாட்டுக்கு ஆபத்து என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் சொன்ன காரணம்.

அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது, ஞாபகம் இருக்கிறதா? வெளிச்சமும் அதே பக்கம் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம். எதிர்க்காற்றில் போயிருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.