ஈறு சிகிச்சைக்குப் பிறகு சர்க்கரை அளவு குறைந்தவர்கள் உண்டா?

எனக்கு வயது 46. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று மருத்துவர் சொல்லி ஒன்றரை ஆண்டு ஆகிறது. எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அப்போது 6.1, இப்போது 6.2. வெறும் வயிற்றில் 114. தினமும் 45 நிமிடம் நடக்கிறேன், இனிப்பை அடியோடு நிறுத்திவிட்டேன், எடையும் 5 கிலோ குறைந்திருக்கிறது. ஆனாலும் அந்த எண் அசைய மறுக்கிறது.

இதற்கிடையில் ஈறு. காலையில் பல் துலக்கித் துப்பினால் நுரை இளஞ்சிவப்பாக வருகிறது. கீழ் வரிசையில் வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் இரண்டு லேசாக ஆடுகின்றன. வலியே இல்லை, அதனால்தான் இத்தனை நாள் கவனிக்காமல் விட்டேன். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடைவெளி அங்கே 6 மில்லிமீட்டர் ஆழம். 3 வரைதான் இயல்பாம். மூன்று மாதம் முன்பு மேலாகச் சுத்தம் செய்து, இரண்டு வாரத்துக்கு வாய் கொப்பளிக்கும் மருந்து கொடுத்தார்கள். ரத்தம் நின்றது, பிறகு திரும்பவும் வந்துவிட்டது. இனி ஈறுக்கு அடியில் வேர்வரை சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டுமாம்.

ஈறில் நீடிக்கும் அழற்சி இன்சுலினின் வேலையைக் கெடுக்கும் என்று படித்தேன். சர்க்கரை நோய் முற்றிலும் வந்தவர்களுக்கு இந்தச் சிகிச்சையால் எச்பிஏ1சி சற்றுக் குறைவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் கட்டத்தில் இருப்பவர்களைப் பற்றிக் கேட்டால், பல் மருத்துவர் சர்க்கரை மருத்துவரைக் கைகாட்டுகிறார், அவர் இவரைக் கைகாட்டுகிறார்.

சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் வேர்வரை சுத்தம் செய்துகொண்டவர்களே, மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் உங்கள் எச்பிஏ1சி எவ்வளவு மாறியது?