நாலு ஊர்ப் பள்ளிக்கு ஒரே நிர்வாகக் குழு: சரிவருமா?

ஈராசிரியர்:
2020 தேசியக் கல்விக் கொள்கையில் ஒரு யோசனை இருக்கிறது. ஒரு உயர்நிலைப் பள்ளி, ஐந்து முதல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் சிறு பள்ளிகள், அங்கன்வாடிகள் எல்லாம் சேர்ந்து ஒரு தொகுப்பு. அதற்குப் பொதுவாக ஒரு மேலாண்மைக் குழு. அந்தக் கொள்கையைப் பற்றிய மற்ற சண்டைகளை விட்டுவிட்டு இதை மட்டும் பேசலாமா? என் பள்ளியில் 23 பிள்ளைகள், ஆசிரியர்கள் இரண்டே பேர். ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் இன்னொருவர் தலையில். பக்கத்து ஊர்ப் பள்ளியில் விளையாட்டு சொல்லித்தர பி.இ.டி. சார் இருக்கிறார். எங்கள் பிள்ளைகள் அவரைப் பார்த்ததே இல்லை.

செல்வி_எஸ்எம்சி:
சார், நான் எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. போன வருஷம் கழிப்பறைக் குழாய் உடைந்து, பிள்ளைகள் மூன்று மாதம் வாளியில் தண்ணீர் தூக்கினார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றாமல் எழுந்திருக்க மாட்டோம் என்று எட்டுப் பெண்கள் உட்கார்ந்தோம். அடுத்த வாரமே பிளம்பர் வந்தார். பொதுக் குழுவில் எங்கள் குழாய் பதினோராவது விஷயமாகத்தான் வரும். கூட்டம் வேறு ஊரில் என்றால், நூறு நாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி யார் போவார்கள்?

ரிட்டயர்டு_எச்எம்:
இது புதுசே இல்லை தம்பி. 1964-66இல் மத்திய அரசு போட்ட கோத்தாரி கல்விக் குழு சொன்னதுதான். நடைமுறைக்கு வரவில்லை என்று 2020 ஆவணமே ஒப்புக்கொள்கிறது. ஆளும் காசும் கொடுக்காமல் 'ஒருங்கிணையுங்கள்' என்றால் என்ன நடக்கும்? பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களைச் சேர்த்துக் கூட்டும் குறுவள மையக் கூட்டங்களில் நான் குடித்த டீக்குக் கணக்கே இல்லை.

ஈராசிரியர்:
டீ குடிக்கத்தான் கூடினீர்கள் ஐயா, உங்களுக்கு அதிகாரம் கொடுக்கவில்லையே. இங்கிலாந்தில் 2002 சட்டப்படி இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒரே நிர்வாகக் குழு வைத்துக்கொள்ளலாம். பள்ளியின் பெயரும் வரவுசெலவும் தனித்தனியாகவே இருக்கும்.

செல்வி_எஸ்எம்சி:
அங்கே சரி. இங்கே 2014இல் ராஜஸ்தானில் ஆயிரக்கணக்கான பள்ளிகளை இணைத்தார்களே? முதலில் குழுவைச் சேர்ப்பார்கள், அப்புறம் '23 பிள்ளைக்கு ஒரு கட்டடமா' என்பார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் தனிக் குழு வேண்டும் என்கிறது. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அதை நான் விட்டுத்தர மாட்டேன்.

ஈராசிரியர்:
அதைக் கலைக்கச் சொல்லவில்லை அக்கா. ஒவ்வொரு குழுவிலிருந்தும் இரண்டு பெற்றோர் மேல் குழுவுக்கு வரட்டும். குழாய் உங்களிடமே இருக்கட்டும், பி.இ.டி. சார் பொதுவாக இருக்கட்டும்.

செல்வி_எஸ்எம்சி:
வாரத்துக்கு ஒரு நாள் அவரை அனுப்ப மேல் குழு எதற்கு சார்? அந்த எச்.எம்.மிடம் கேட்டீர்களா?

ஈராசிரியர்:
கேட்டேன். அனுப்பத் தயார்தானாம். ஆனால் மேலேயிருந்து எழுத்தில் உத்தரவு வேண்டும் என்கிறார். வழியில் ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்பது அவர் பயம். தப்பு சொல்ல முடியவில்லை.

ரிட்டயர்டு_எச்எம்:
நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

செல்வி_எஸ்எம்சி:
சரி, இந்த மாதக் கூட்டத்தில் உங்கள் பள்ளிக் குழுவும் அந்தப் பள்ளிக் குழுவும் ஒரே தீர்மானத்தைப் போட்டு அனுப்பினால்?

ரிட்டயர்டு_எச்எம்:
வட்டாரக் கல்வி அலுவலருக்கு (பி.இ.ஓ.) நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். நகலில் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.