மாம்பூக் காலத் தும்மலுக்குக் கஷாயம் போதுமா?

பர்கூர் மருமகள்:
தை பிறந்ததிலிருந்து வீட்டுக்காரருக்கு விடிந்தால் தும்மல்தான். மூக்கு அடைக்கிறது, கண் அரிக்கிறது. வீடு மாந்தோப்பை ஒட்டி இருக்கிறது. மாமியார் சுக்கு, மிளகு, துளசி, தூதுவளை, கொஞ்சம் அதிமதுரம் போட்டுக் கஷாயம் வைக்கிறார். குடித்ததும் மூக்கு விடுகிறது, அப்புறம் பழையபடிதான். இதையே தொடரலாமா, டாக்டரிடம் போகலாமா?

பென்னாகரம் தோட்டக்காரர்:
தொடருங்கள் அம்மா. ஆடாதோடை இலை இரண்டையும் நறுக்கிப் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் பாதியாகச் சுண்டும் வரை கொதிக்க விடுங்கள். கசப்புக்குப் பனங்கற்கண்டு சேர்க்கலாம். மருந்துக்கடையில் சளிக்குத் தரும் புரோம்ஹெக்சின்கூட ஆடாதோடையில் உள்ள வாசிசினை வைத்து உருவானதுதான். வேலியில் நிற்பதை விட்டுவிட்டு எதற்குக் காசைக் கொடுக்க வேண்டும்?

ஓசூர் மருந்தாளர்:
ஐயா, புரோம்ஹெக்சின் நெஞ்சுச் சளியை இளக்கும். தும்மலையும் கண் அரிப்பையும் அது நிறுத்தாது. அவை ஒவ்வாமையில் உடம்பு வெளிவிடும் ஹிஸ்டமினால் வருபவை. சூடான கஷாயமும் அதன் ஆவியும் மூக்கைக் கொஞ்ச நேரம் திறந்துவிடும், அவ்வளவுதான். இந்தச் சகோதரி எழுதியிருப்பதும் அதைத்தானே?

இன்னொன்று, மாம்பூ மேல் எனக்குச் சந்தேகம் குறைவு. அதன் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஈயும் பூச்சியும்தான் சுமக்கின்றன, காற்றில் அதிகம் பறக்காது. தோப்பு ஓரத்தில் வெள்ளைப் பூவோடு பார்த்தீனியம் நிற்கிறதா என்று பாருங்கள். மூக்கு ஒவ்வாமைக்குப் பேர்போன செடி அது.

பென்னாகரம் தோட்டக்காரர்:
சரி தம்பி, ஹிஸ்டமினுக்கு என்ன தருவீர்கள்? செட்டிரிசின்தானே? அதைப் போட்டவுடன் என் மகனுக்குக் கண் சொக்கிவிடும். அந்தக் கண்ணோடு தொப்பூர் கணவாயில் லாரியை இறக்கச் சொல்வீர்களா? கஷாயம் குடித்து யாரும் ஸ்டியரிங்கில் தூங்கியதில்லை.

ஓசூர் மருந்தாளர்:
நியாயமான பயம்தான். வண்டி ஓட்டுகிறவர் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தூக்கம் குறைவாக வரும் ஃபெக்ஸோஃபெனடின் இருக்கிறது, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் இருக்கிறது. ஸ்பிரேயின் முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். பலர் முதல் நாளே "கேட்கவில்லை" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அதுதான் வேதனை.

அரூர் ஆசிரியை:
கஷாயத்துக்கு நான் எதிரி இல்லை, எங்கள் வீட்டிலும் கற்பூரவல்லி உண்டு. ஆனால் "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்ற பேச்சு ஆபத்து. அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை கூடாது. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தேன் கூடாது. இப்போது பாக்கெட்டில் விற்கும் கேமமைல் டீயும் பார்த்தீனியத்தின் குடும்பம்தான், சிலருக்குத் தும்மலைக் கூட்டிவிடும். மூச்சில் விசில் சத்தம் வந்தால் அடுப்படியில் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பர்கூர் மருமகள்:
இவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்! அதிமதுரத்தை இன்றே நிறுத்தச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறோம். வரப்பு முழுக்கப் பார்த்தீனியம் நிற்கிறது, இவரே பிடுங்குகிறேன் என்கிறார்.

பென்னாகரம் தோட்டக்காரர்:
அவர் கிட்டேயே போகக் கூடாது அம்மா. ஆள் விட்டு, கையுறை போட்டு, மூக்கில் துணி கட்டி, ஈரமண்ணில் வேரோடு பிடுங்கச் சொல்லுங்கள். துளசியும் சுக்கும் போட்ட கஷாயத்தை மட்டும் நான் விடச் சொல்ல மாட்டேன்.