குழு அசைன்மென்ட்டுக்கு என்னன்னு கருத்து எழுதுறது? கொஞ்சம் யோசனை சொல்லுங்க

வணக்கம். பெங்களூருல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல சிவில் எடுக்கிறேன். மூணாம் வருஷப் பசங்களுக்கு அஞ்சஞ்சு பேரா ஒரு வேலை கொடுத்தேன். 200 பேர் தங்குற நாலு மாடி ஹாஸ்டலுக்குத் தண்ணி, கழிவுநீர், கரண்ட், தீயணைப்பு எல்லாம் வடிவமைக்கணும்.

ஆளுக்கொரு பாகமா பிரிச்சு எழுதி, கடைசி ராத்திரி ஒண்ணா ஒட்டிக் கொண்டுவந்துட்டாங்க. (நாமளும் அப்படித்தானே செஞ்சோம்!) ஒரு குழு, ஒரு நாளைக்குத் தலைக்கு 135 லிட்டர்னு சரியாவே கணக்குப் போட்டு, 27,000 லிட்டரையும் மொட்டை மாடியில ஏத்தியிருக்கு. ஸ்லாப் (மாடித் தளம்) வடிவமைச்ச பையனுக்கு அந்த 27 டன் எடை விஷயமே தெரியாது. இன்னொரு வரைபடத்துல 110 மி.மீ. கழிவுநீர்க் குழாய், தளத்தைத் தாங்குற பீமைத் துளைச்சுக்கிட்டு நேரா போகுது. சிவப்பு மையில வட்டம் போட்டேன், அதுக்கு மேல கை ஓடல. "ஒருங்கிணைப்பு போதாது"ன்னு எழுதினா மார்க்கை மட்டும் பாத்துட்டு ஃபைலை மூடிடுவாங்க.

மார்க் போடாம, "இந்தக் குழாய் எந்த பீமைத் தாண்டுது, பீம் வரைஞ்சவர்கிட்ட கேட்டீங்களா?"ன்னு கேள்வியா எழுதித் திருப்பிக் கொடுத்தா திருத்துவாங்களா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க. உழைச்ச பொண்ணுக்கும் பேரை மட்டும் சேத்துக்கிட்ட பையனுக்கும் ஒரே மார்க் போட மனசு வரல. நீங்க எப்படிப் பிரிக்கிறீங்க?

பிளம்பிங், எலக்ட்ரிக்கல் சைட் வேலை பாக்குறவங்க ஜெயநகர் பக்கம் இருந்தா, ஒரு சனிக்கிழமை வந்து பசங்களோட பேசுங்களேன். ஃபில்டர் காபி என் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக்குள்ள 12 ஃபைலையும் திருப்பித் தரணும்.