முன்னாள் அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் நினைவிடத்தில் உங்கள் மனத்தில் நின்றது எது?

பயணி:
வாஷிங்டனில் டைடல் பேசின் கரையிலுள்ள ரூஸ்வெல்ட் நினைவிடத்துக்கு அப்பாவை அழைத்துச் சென்றிருந்தேன். பக்கவாதம் வந்த பிறகு சக்கர நாற்காலியில் இருக்கும்போது தம்மைப் படமெடுக்க அவர் விடுவதே இல்லை. நுழைவிடத்தில் இருக்கும் சக்கர நாற்காலிச் சிலையை ஒரு பார்வையோடு கடந்துவிட்டவர், உள்ளே மேலங்கி போர்த்த பெரிய சிலையின் முன் நிறுத்தச் சொன்னார். மற்றவர்கள் ரூஸ்வெல்ட்டின் நாய் ஃபாலாவின் சிலையில் பளபளக்கும் காதைத் தடவிக்கொண்டிருக்க, அப்பா என்னைப் பின்பக்கம் தள்ளிச் செல்லச் சொல்லி, அந்த இருக்கையின் அடியில் தெரிந்த சிறு உருளைகளைக் காட்டி, "பார்த்தாயா, மறைத்து வைத்திருக்கிறார்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நிம்மதியா, வருத்தமா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கல்மேடை:
உங்கள் தந்தையார் சொன்னது சரியே, மறைத்தவர் ரூஸ்வெல்ட்தான். 1921-இல் இளம்பிள்ளைவாதம் தாக்கிய பின், சக்கர நாற்காலியில் தம்மைப் படமெடுப்பதை அவர் தவிர்த்தே வந்தார். அப்படியிருக்க, 1997-இல் நினைவிடம் திறக்கப்பட்டபோது மாற்றுத்திறனாளி அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்து, 2001-இல் நாற்காலிச் சிலையைச் சேர்க்க வைத்தது நியாயம்தானா என்ற ஐயம் எனக்கு உண்டு. தமக்கு நினைவுச்சின்னமாக அவர் கேட்டதோ தம் மேசையளவு கல் ஒன்று மட்டுமே. தேசிய ஆவணக் காப்பகத்தின் முன் 1965-இல் வைக்கப்பட்ட அந்தக் கல்லை நான் தேடிச் சென்றபோது, ஒருவர் அதன்மேல் காப்பிக் குவளையை வைத்துவிட்டுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

விரல்நுனி:
கல்மேடை அவர்களே, அவர் மறைத்தது அன்றைய வாக்காளர்களிடமிருந்து. இன்று வருபவர்களிடமும் மறைக்க வேண்டும் என்பது எந்த நியாயம்? பார்வையற்ற என் தோழி அங்குள்ள பிரெய்ல் எழுத்துகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, புள்ளிகள் விரலுக்குள் அடங்காத அளவு பெரியவை என்று கையை எடுத்துக்கொண்டாள்.

இனிச் செல்பவர்கள் லிங்கன் நினைவிடத்தின் பக்கமுள்ள வடக்கு வாயில் வழியாக நுழையுங்கள். ரூஸ்வெல்ட்டின் நான்கு பதவிக் காலங்களுக்கும் ஒவ்வொன்றாக, கூரையற்ற நான்கு அறைகள் வரிசையாக உள்ளன. ஜெபர்சன் நினைவிடத்தின் பக்கமிருந்து வந்தால் கதை தலைகீழாகிவிடும், பாதியில் திரும்பினால் வடக்கு முனையிலுள்ள நாற்காலிச் சிலையைக் காணாமலே போய்விடுவீர்கள். அருவிகளின் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால், முதியவர்களுக்குச் சொல்ல வேண்டியதை அவற்றை நெருங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.